2019-20 காட்டுத்தீ: 183 பேர் தீவைத்தார்கள் என்பது உண்மையா?

பாரமட்டா புதியவன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் 2022ஆம் ஆண்டின் இறுதியில்தான் சிட்னிக்குக் குடிவந்தேன்; ஆகவே 2019-20 கோடைக் காட்டுத்தீயை நேரில் பார்த்தவன் அல்லன். ஆனால் வெயில் 40 டிகிரியைத் தொடும்போதெல்லாம் எங்கள் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்தத் தீயைப் பற்றிய ஒரே செய்தி சிறு மாற்றங்களுடன் மீண்டும் வந்துவிடுகிறது. அதன் சாரம் இதுதான்: அந்தக் கோடையில் தீவைத்ததற்காக 183 பேர் பிடிபட்டார்கள், காட்டின் சருகையும் புதரையும் முன்கூட்டியே எரித்துக் குறைக்கும் வேலையைப் பசுமைக் கட்சியினர் தடுத்துவிட்டார்கள், இதே நாட்டில் 1974இல் இதைவிடப் பல மடங்கு நிலம் எரிந்திருக்கிறது, எனவே காலநிலை மாற்றம் என்பது மின்கட்டணத்தை ஏற்றுவதற்காகக் கட்டப்பட்ட கதை.

இதை அனுப்புகிறவர் விவரம் தெரியாதவர் அல்லர். நான் மதிக்கும் மூத்த பொறியாளர். இங்கு வந்த புதிதில் எங்களுக்கு வீடு பார்த்துக் கொடுத்தவரும் அவரே. அவரைக் குழுவில் வைத்து மடக்குவது என் எண்ணம் அன்று, எனக்கே முதலில் தெளிவு வேண்டும். அந்த எண் எங்கிருந்து வந்தது? அந்தத் தீயில் காலநிலை மாற்றத்தின் பங்கு எவ்வளவு என்று, கூட்டாமல் குறைக்காமல், அறிவியலாளர்கள் சொல்கிறார்கள்? இவ்வளவு எரிந்த நாட்டின் ஆட்சியாளர்கள் ஏன் அதைப் பற்றிப் பேசவே தயங்கினார்கள்? அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

ஓய்வுபெற்ற நூலகர் பதில்:

183 என்ற எண் கற்பனை அன்று. நியூ சவுத் வேல்ஸ் காவல்துறை 2020 ஜனவரி 6 அன்று வெளியிட்ட அறிக்கையில் அது இருக்கிறது. 2019 நவம்பர் 8 முதல் காட்டுத்தீ தொடர்பான குற்றங்களுக்காக 183 பேர்மீது சட்ட நடவடிக்கை எடுக்கப்பட்டதாக அவ்வறிக்கை கூறியது. அவர்களில் 40 பேர் சிறார். எச்சரித்து அனுப்பியதும் வழக்குத் தொடர்ந்ததும் சேர்ந்தே அந்த நடவடிக்கைக் கணக்கில் வருகின்றன என்பதையும் அதே அறிக்கை தெளிவாகச் சொன்னது. வேண்டுமென்றே காட்டுக்குத் தீவைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 24 பேர். முழுத் தீத்தடை விதிக்கப்பட்ட நாளில் அதை மீறியதாக 53 பேர்மீதும், அணையாத சிகரெட்டையோ தீக்குச்சியையோ தரையில் எறிந்ததாக 47 பேர்மீதும் நடவடிக்கை எடுக்கப்பட்டது. இந்த வகைப்பாடு முழுவதும் கழன்று விழுந்து, சில நாட்களுக்குள் 'தீவைத்த 180க்கும் மேற்பட்டோர் கைது' என்ற ஒற்றை வரி மட்டும் உலகைச் சுற்றத் தொடங்கியது. அமெரிக்க அதிபர் டிரம்பின் மூத்த மகனும் அதைப் பகிர்ந்தவர்களில் ஒருவர்.

அதே நாட்களில் விக்டோரியா மாநிலக் காவல்துறை, கிழக்கு கிப்ஸ்லாந்துத் தீக்களுக்குத் தீவைப்பு காரணம் என்று காட்டும் தகவல் எதுவும் தங்களிடம் இல்லை என்று அறிவித்தது. சிட்னிக்கு வடமேற்கே எரிந்த காஸ்பர்ஸ் மலைத் தீ 2019 அக்டோபர் 26 அன்று மின்னல் விழுந்து தொடங்கியது. அது ஒன்றே 5 லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரித்தது. எறிந்த சிகரெட்டுக்காகப் பிடிபட்டவரை இந்தத் தீயின் கணக்கில் எழுதுவது எந்த வகையிலும் பொருந்தாது.

தீவைப்பே நடப்பதில்லை என்று மறுமுனைக்குப் போய் வாதாடுவதும் சரியன்று. 2009 பிப்ரவரி 7 அன்று விக்டோரியாவில் 173 பேர் இறந்த கறுப்புச் சனியன்று எரிந்த தீக்களில் சர்ச்சில் என்ற ஊரருகே தொடங்கியது வைக்கப்பட்ட தீதான். அதற்காக ஒருவர் தண்டிக்கப்பட்டார். ஆனால் அதே நாளில் மிகுதியான உயிர்களைப் பறித்த கில்மோர் கிழக்குத் தீ அறுந்து விழுந்த மின்கம்பியில் பிறந்தது.

1974-75 பற்றி: அந்தப் பருவத்தில் எரிந்த மொத்தப் பரப்பு 10 கோடி ஹெக்டேரைத் தாண்டியது என்பது உண்மை. ஆனால் அதில் பெரும்பகுதி நாட்டின் நடுப்பகுதியில் உள்ள ஆளரவமற்ற புல்வெளி. நல்ல மழை பெய்து புல் ஆளுயரம் வளர்ந்து, பின்னர் காய்ந்து எரிந்தது. 2019-20இல் எரிந்தது கிழக்குக் கரையோரக் காடு. வழக்கமான ஆண்டில் அவ்வகைக் காட்டில் 2 விழுக்காடு அளவே எரியும். அந்த ஒரே பருவத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எரிந்தது. புல் எரிந்த கணக்கையும் காடு எரிந்த கணக்கையும் ஹெக்டேர் என்ற ஒரே அலகில் நிறுத்தி ஒப்பிடுகிறவர் ஒப்பிடத் தெரியாதவராக இருக்க வேண்டும், அல்லது நமக்குத் தெரியாது என்று நினைப்பவராக இருக்க வேண்டும்.

---

ஹாக்ஸ்பரி அக்கா பதில்:

நூலகர் ஐயா எழுதியதோடு, தரையில் நின்று பார்த்தவள் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். நான் ஊர்ப்புறத் தீயணைப்புச் சேவையில் தன்னார்வலராக இருக்கிறேன். ஒரு தீ எப்படித் தொடங்கியது என்பது பொலிசாருக்கும் மரண விசாரணை அதிகாரிக்கும் உரிய கேள்வி. வண்டியில் ஏறிப் போகிற எங்களுக்கு அதைவிடப் பெரிய கேள்வி, அது ஏன் நிற்கவில்லை என்பதுதான். ஈர விறகில் ஒரு பெட்டித் தீக்குச்சியையும் கிழித்துப் போட்டாலும் அடுப்பு பற்றாது என்பது வீட்டில் விறகடுப்பு வைத்திருந்த எல்லோருக்கும் தெரியும்.

அந்த வருடம் காட்டுக்குள் கால் வைத்தாலே வித்தியாசம் தெரிந்தது. யூகலிப்டஸ் இலையைக் கையில் எடுத்து மடித்தால் மடியாது, அப்பளம் போல ஒடிந்தது. எங்களுடைய பிரதேசத்தில் மணற்கல் பாறைகளுக்கு இடையே ஆழமான ஓடைப் பள்ளங்கள் உண்டு. பன்னம் வளர்ந்து, நடுக் கோடையிலும் சப்பாத்து நனையும் இடங்கள் அவை. தீ அங்கே வந்து தானாகத் தணியும் என்ற நம்பிக்கையில்தான் எல்லை வகுப்போம். அந்தக் கோடையில் பள்ளத்தின் அடிவரை சருகு காய்ந்து கிடந்தது. தீ ஒரு சரிவில் இறங்கி மறு சரிவில் ஏறியபோது இடையில் அதைத் தடுக்க எதுவும் இருக்கவில்லை. தீமுகம் இன்னும் தொலைவில் இருக்கும்போதே கங்குகள் காற்றில் பறந்து வந்து கூரைத் தவாளிகளில் (மழைநீர் ஓடும் பீலிகளில்) கிடந்த இலைகளில் விழுந்தன. வீடுகள் பலவும் அப்படித்தான் பற்றின, கண்ணுக்கு முன்னால் நின்ற நெருப்பினால் அல்ல.

டிசம்பர் 30 அன்று ஜிங்கெல்லிக் பக்கம் தீயே உண்டாக்கிய சுழற்காற்று ஒரு கனரகத் தீயணைப்பு வண்டியைத் தூக்கிப் புரட்டி ஒரு தன்னார்வலரைக் கொன்றது. தீ தன் தலைக்கு மேல் தானே இடிமுகிலைக் கட்டிக்கொள்ளும் நிலைமை அது. நாங்கள் பயிற்சியில் படித்த தீ அப்படிப்பட்டது அல்ல.

பசுமைக் கட்சி தடுத்தது என்ற கதையை நான் எத்தனையோ தேநீர் மேசைகளில் கேட்டுவிட்டேன். முதலாவதாக, நியூ சவுத் வேல்ஸில் 2011 முதலும், மத்தியில் கான்பெராவில் 2013 முதலும் ஆட்சியில் இருந்தது லிபரல்-நேஷனல் கூட்டணி. பசுமைக் கட்சி இரண்டிடத்திலும் அரசை நடத்தவில்லை, அதன் கொள்கை அறிக்கையும் முன்னெரிப்பை எதிர்க்கவில்லை. இரண்டாவதாக, முன்னெரிப்பைத் தள்ளிப்போட வைப்பது பெரும்பாலும் வானிலைதான். காற்று மெதுவாக இருக்க வேண்டும், ஈரப்பதன் போதிய அளவு இருக்க வேண்டும், சருகு எரியும் அளவுக்குக் காய்ந்தும் கட்டுக்குள் நிற்கும் அளவுக்கு ஈரமாகவும் இருக்க வேண்டும். ஆட்களைத் திரட்டி, குடியிருப்பாளர்களுக்கு அறிவித்து, சனிக்கிழமை காலையில் வண்டியை எடுக்கும்போது காற்று மாறிவிட்டதென்று எல்லாவற்றையும் கைவிட்டுத் திரும்புவது எங்களுக்குப் பழகிப்போன காரியம். குளிர்காலம் வெப்பமாகவும் வரட்சியாகவும் ஆக ஆக, பாதுகாப்பாக எரிக்கக் கிடைக்கும் நாட்களே குறைகின்றன. முன்னெரிப்பு பயனுள்ளது, ஆனால் அது எல்லாவற்றையும் தீர்க்கும் மருந்து அல்ல என்று எங்கள் ஆணையாளராக இருந்த ஷேன் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் அந்த ஜனவரியிலேயே பகிரங்கமாகச் சொன்னார். கடுமையான வானிலையில், எரித்து அதிக காலம் ஆகாத இடங்களுக்குள்ளும் தீ புகுந்து சென்றது.

---

வானிலை மாணவன் பதில்:

இரண்டாவது கேள்விக்கு என்னால் இயன்ற விடை. 2019ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் பதிவுகளில் மிக வெப்பமானதும் மிக வறண்டதும் ஆகும். நாட்டின் சராசரி வெப்பநிலை 1961-1990 சராசரியைவிட 1.52 டிகிரி கூடுதல். மழை சராசரியைவிட 40 விழுக்காடு குறைவு. டிசம்பர் 18 அன்று நாடு முழுவதற்குமான சராசரி உச்ச வெப்பநிலை 41.9 டிகிரியைத் தொட்டது. ஜனவரி 4 அன்று சிட்னியின் பென்ரித்தில் 48.9 டிகிரி பதிவானது.

இதில் எவ்வளவு மனிதர் செய்தது என்று உலக வானிலைக் காரணத் தேடல் குழு (World Weather Attribution) ஆய்வு செய்தது. அக்கோடையில் இருந்த அளவுக்குக் கடுமையான தீ வானிலை, அதாவது தீ எளிதில் பற்றிப் பரவும் வானிலை, ஏற்படும் வாய்ப்பைக் காலநிலை மாற்றம் குறைந்தது 30 விழுக்காடு கூட்டியிருக்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. கணினி மாதிரிகள் வெப்ப உயர்வைக் குறைத்தே காட்டுகின்றன என்பதால், உண்மை இதைவிடக் கூடுதலாக இருக்கலாம் என்றும் சேர்த்தே எழுதினார்கள். அதே ஆய்வு, அந்த ஆண்டு மழைக் குறைவில் காலநிலை மாற்றத்தின் கையைத் தங்களால் உறுதியாகக் காண இயலவில்லை என்றும் கூறியது. வறட்சிக்குப் பெருங்காரணம் அந்த ஆண்டு மிக வலுவாக இருந்த இந்தியப் பெருங்கடல் இருமுனை நிலை. கடலின் மேற்குப் பக்கம் சூடாகி ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் வெள்ளம் பெருக்கெடுத்தபோது, கிழக்குப் பக்கம் குளிர்ந்து ஆஸ்திரேலியாவுக்கு வர வேண்டிய ஈரம் வராமல் போயிற்று.

எனவே உங்கள் நண்பர் 'இயற்கையான ஏற்ற இறக்கமும் உண்டு' என்று சொன்னால் அதை மறுக்காதீர்கள், அது சரிதான். அந்த ஏற்ற இறக்கம் முன்பைவிட ஒரு டிகிரிக்கு மேல் சூடான நிலத்தின்மீது நிகழ்கிறது என்பதே கேள்வி. மழை பொய்த்த ஆண்டுகள் முன்பும் இருந்தன. ஆனால் அதே அளவு மழைக் குறைவில் இன்றைய வெப்பம் மண்ணிலிருந்தும் மரத்திலிருந்தும் உறிஞ்சும் ஈரம் கூடுதல்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பொருளியல் அறிஞர் ராஸ் கார்னோ 2008இல் அரசுக்கு அளித்த காலநிலை ஆய்வறிக்கையில், தீப்பருவங்கள் முன்னதாகத் தொடங்கிச் சற்றுப் பின்னதாக முடியும், பொதுவாகக் கடுமையாகும், இந்த விளைவு 2020 வாக்கில் நேரடியாகக் கண்ணுக்குத் தெரியும் என்று எழுதியிருந்தார். அறிவியல் எச்சரிக்கைகளில் இவ்வளவு துல்லியமாக ஆண்டு பொருந்தி வந்தவை அரிது. அது அரசுக்குத் தெரியாத ஆவணமும் அன்று.

---

மக்காய் சுரங்கத்தான் பதில்:

எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் மறுபக்கத்தையும் எழுதுகிறேன். நான் மத்திய குயின்ஸ்லாந்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்யும் பொறியாளர். வெப்பம் உயர்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. திறந்தவெளிச் சுரங்கத்தில் ஜனவரி மாதம் நின்று பார்த்தவன் அதை மறுக்க முடியாது. ஆனால் 2019 வாக்கில் உலகின் பசுங்குடில் வாயு உமிழ்வில் ஆஸ்திரேலியாவின் பங்கு சுமார் 1.3 விழுக்காடுதான். இங்கே அத்தனை அனல்மின் நிலையங்களையும் 2010லேயே மூடியிருந்தாலும் 2019இல் அந்தக் காடு எரிந்துதான் இருக்கும். இதைச் சொன்னதற்காக ஒருவரை அறிவியல் மறுப்பாளர் என்று அழைப்பது நியாயமா? எங்கள் பகுதியில் எடுக்கப்படும் கரியில் பெரும்பங்கு எஃகு ஆலைகளுக்குப் போவது. இந்தியாவும் ஜப்பானும் வாங்குகின்றன. நாங்கள் நிறுத்தினால் வேறொருவர் விற்பார்.

2019 மே மாதத் தேர்தலுக்கு முன் தெற்கிலிருந்து வாகன அணிவகுப்பாக வந்து அதானி நிறுவனத்தின் கார்மைக்கேல் நிலக்கரிச் சுரங்கத்தை நிறுத்துங்கள் என்று எங்களுக்குப் பாடம் எடுத்தார்கள். அதன் பலனை எங்கள் பகுதித் தொகுதிகளின் வாக்குப்பெட்டியில் பார்த்தார்கள். அரசியல்வாதிகள் பேசத் தயங்குவது கரி நிறுவனங்களின் பணத்துக்காக மட்டும் என்று எழுதிவிட்டால், எங்களைப் போன்றவர்களின் வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் கணக்கில் வராமல் போய்விடும்.

---

கான்பெரா நோக்கர் பதில்:

மக்காய் நண்பர் கேட்டது முறையான கேள்வி. அதற்கு விடை சொல்ல வேண்டுமானால் மூன்றாவது கேள்வியின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

இந்த நாட்டில் காலநிலை ஒருகாலத்தில் கட்சிச் சண்டையாக இருக்கவில்லை. 2007 தேர்தலில் அன்றைய பிரதமர் ஜான் ஹோவர்டும் எதிர்க்கட்சித் தலைவர் கெவின் ரட்டும் இருவருமே, நிறுவனங்கள் உமிழ்வு உரிமங்களை வாங்கி விற்கும் உமிழ்வு வணிகத் திட்டத்தைக் கொண்டுவருவதாக வாக்களித்தனர். திருப்பம் 2009 டிசம்பர் 1 அன்று நிகழ்ந்தது. அத்திட்டத்தை ஆதரித்த அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் மால்கம் டர்ன்புல்லை லிபரல் கட்சியினர் 42க்கு 41 என்ற கணக்கில் இறக்கிவிட்டு டோனி அபாட்டைத் தலைவராக்கினர். ஒரே ஒரு வாக்கு. ஜூலியா கில்லார்டின் தொழிற்கட்சி அரசு 2012 ஜூலையில் உமிழ்வு டன்னுக்கு 23 டாலர் என்று கரிம விலையைக் கொண்டுவந்தது. அபாட்டின் அரசு 2014 ஜூலையில் அதை நீக்கியது. மக்களுக்குக் காலநிலை அறிவியலை விளக்குவதற்காக இருந்த ஆணையத்தை அவர் பதவியேற்ற 2013 செப்டம்பரிலேயே கலைத்துவிட்டார். பொதுமக்கள் நன்கொடை திரட்டி அதை வேறு பெயரில் மீண்டும் நடத்தினார்கள்.

அடுத்த மாதமே நீல மலைகளில் ஏறத்தாழ 200 வீடுகள் எரிந்தன. ஐ.நா. காலநிலை அமைப்பின் தலைவராக இருந்த கிறிஸ்டியானா ஃபிகரெஸ் காட்டுத்தீக்கும் புவி வெப்பத்துக்கும் உள்ள தொடர்பைச் சுட்டியதும், அவர் விவரமில்லாமல் பேசுகிறார் என்று அபாட் தள்ளிவிட்டார். சுற்றுச்சூழல் அமைச்சர் கிரெக் ஹன்ட் ஒரு படி மேலே போய், வெப்பமான மாதங்களில் காட்டுத்தீ வழக்கமானதே என்பதை விக்கிப்பீடியாவில் பார்த்ததாக பி.பி.சி.யிடம் கூறினார். தன் துறையின்கீழேயே வானிலை நிலையம் இருக்கும் அமைச்சர் விக்கிப்பீடியாவுக்குப் போன இந்த நிகழ்ச்சியை எத்தனை முறை நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு அடங்குவதில்லை.

2017 பிப்ரவரி 9 அன்று, நிதியமைச்சராக இருந்த ஸ்காட் மோரிசன் ஒரு கரிக்கட்டியை நாடாளுமன்றத்துக்குள் கொண்டுவந்து, இதைக் கண்டு அஞ்ச வேண்டாம் என்று எதிர்க்கட்சியினரை நோக்கி உயர்த்திக் காட்டினார். கையில் கரி ஒட்டாதபடி அதற்கு மெருகெண்ணெய் பூசியிருந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. அது கடும் வெப்ப அலை வீசிய வாரம். மூன்றாம் நாள், பிப்ரவரி 12 அன்று, நியூ சவுத் வேல்ஸின் டுனெடூ அருகே சர் ஐவன் தீ என்று பெயர்பெற்ற தீ சுமார் 55,000 ஹெக்டேரை எரித்தது. 2015இல் பிரதமராகியிருந்த டர்ன்புல், 2018 ஆகஸ்டில் மீண்டும் உமிழ்வு தொடர்பான எரிசக்தித் திட்டத்திலேயே பிரதமர் பதவியை இழந்தார். அடுத்து வந்தவர் மோரிசன்.

2019 ஏப்ரலில், நியூ சவுத் வேல்ஸ் தீயணைப்புத் துறையின் முன்னாள் ஆணையர் கிரெக் முல்லின்ஸும் அவரோடு சேர்ந்த முன்னாள் தீயணைப்பு, அவசரச் சேவைத் தலைவர்களுமாக 23 பேர் பிரதமருக்குக் கடிதம் எழுதினர். வரும் பருவம் மிக மோசமாக இருக்கும், நேரில் சந்தித்து விளக்க வேண்டும், தீயணைப்பு விமானங்கள் போதா என்பதே அதன் உள்ளடக்கம். சந்திப்பு கிடைக்கவில்லை. நவம்பர் 11 அன்று, சிட்னிக்கு முதன்முறையாகத் தீ அபாயத்தின் உச்சமான பேரழிவு நிலை எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த நேரத்தில், துணைப் பிரதமர் மைக்கேல் மெக்கார்மக், தலைநகரத்துப் பசுமைவாதிகளின் பிதற்றல் இப்போது மக்களுக்குத் தேவையில்லை என்று வானொலியில் கூறினார். டிசம்பரில் பிரதமர் ஹவாய்க்கு விடுமுறை சென்றிருந்தபோது இரண்டு தன்னார்வலர்கள் இறந்தனர். தண்ணீர்க் குழாயைப் பிடிப்பது என் வேலை அல்லவே என்று அவர் வானொலிக்குச் சொன்ன விடையை இந்நாடு இன்னும் மறக்கவில்லை.

இப்போது 1.3 விழுக்காட்டுக்கு வருகிறேன். மோரிசன் அந்த நவம்பரில் சொன்ன வாதமும் இதுவே. கணக்கு சரி. ஆனால் முல்லின்ஸ் கேட்டது உமிழ்வைக் குறைப்பது மட்டுமன்று. வெப்பம் உயர்ந்துவிட்டது, அதற்கேற்ற விமானமும் ஆளும் பணமும் வேண்டும் என்பது அவர் கோரிக்கையின் பெரும்பகுதி. கரியை ஒரு கட்டி குறைக்காமலே அதைச் செய்திருக்க முடியும். அப்படியிருந்தும் செய்யாமல் போனதற்குக் காரணம், அதைச் செய்தால் வெப்பம் உயர்ந்துவிட்டது என்று உரக்க ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்ற அச்சம்தான் என்று நான் கருதுகிறேன். ஆஸ்திரேலிய மறுப்பு பெரும்பாலும் 'வெப்பம் உயரவில்லை' என்று சொல்வதில்லை. ஏன் இவ்வளவு எரிந்தது என்று கேட்டால் யார் தீவைத்தார் என்கிறது; யார் எச்சரித்தார் என்று கேட்டால் இது அரசியல் பேசும் நேரமன்று என்கிறது; நாம் என்ன செய்யலாம் என்று கேட்டால் நாம் 1.3 விழுக்காடுதானே என்கிறது. பாரமட்டா நண்பருக்கு வந்த வாட்ஸ்அப் செய்தியும் கேள்வியை இப்படி மாற்றிவைக்கும் வேலையைத்தான் செய்கிறது. உமிழ்வுக் கணக்கில் நாம் ஏற்றுமதி செய்யும் கரி சேராது என்பதையும் மக்காய் நண்பர் அறிவார். அது பிற நாட்டுக் கணக்கில் எழுதப்படுகிறது.

மறுப்பாளர் என்றால் தீயை அறியாதவர் என்றும் எண்ணிவிடக் கூடாது. டோனி அபாட் பல ஆண்டுகளாகத் தன்னார்வத் தீயணைப்பாளர். 2019 தீயிலும் சீருடை அணிந்து களத்தில் நின்றார். காலநிலை நடவடிக்கையை, எரிமலைத் தெய்வத்துக்கு ஆட்டைப் பலியிடுவதோடு 2017இல் லண்டனில் ஒப்பிட்டுப் பேசியவரும் அவரே.

---

பாரமட்டா புதியவன் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. காவல்துறை அறிக்கையின் பிரிவுகளை மட்டும் நண்பருக்குத் தனியாக அனுப்பினேன். 24, 53, 47 ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்துவிட்டு, மீதி 59 பேர் என்ன செய்தார்கள் என்று கேட்டார், பொறியாளர் அல்லவா. பிறகு வேறொரு கேள்வியை எழுப்பினார். டிம் ஃபிளானரி என்ற அறிவியலாளர், பெய்கிற மழைகூட இனி அணைகளை நிரப்பாது என்று 2007இல் சொன்னாராம். ஆனால் 2022இல் வெள்ளத்தில் ஊர்கள் மூழ்கின. எது நடந்தாலும் காலநிலை மாற்றம் என்று சொன்னால் அது எப்படி அறிவியலாகும் என்கிறார். இதற்கு என்ன விடை?

---

வானிலை மாணவன் பதில்:

ஃபிளானரி அப்படிச் சொன்னது உண்மை. நீண்ட வறட்சியின் நடுவில், ஒரு தொலைக்காட்சி நேர்காணலில், தேவைக்கு மேல் உறுதியாகப் பேசிவிட்டார். அவர் புதைபடிவ, பாலூட்டி ஆய்வாளர். மழை முன்கணிப்பு அவர் துறை அன்று. அந்த ஒரு வாக்கியத்துக்கான விலையைப் பதினைந்து ஆண்டுகளுக்குமேல் மற்ற அறிவியலாளர்கள் கொடுத்துவருகிறார்கள்.

எது நடந்தாலும் பொருந்தும் என்பது சரியன்று. காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கும் நீராவி சுமார் 7 விழுக்காடு கூடும். இது இந்நாட்டின் இன்றைய எந்தக் கட்சியும் தோன்றுவதற்கு முன்பே அறியப்பட்ட இயற்பியல். ஆகவே மழை வரும் காலத்தில் அது கொட்டும் வேகம் கூட வேண்டும், வராத காலத்தில் நிலம் விரைவாக உலர வேண்டும். எந்த ஆண்டு மழை வரும் என்பதைப் பசிபிக், இந்தியப் பெருங்கடல்களின் நிலை முடிவு செய்கிறது. 2020 முதல் மூன்று கோடைகள் தொடர்ந்து லா நினா, அதாவது ஆஸ்திரேலியாவுக்கு மழையைக் கூட்டும் பசிபிக் கடல் நிலை, நிலவியது. 2022 பிப்ரவரி 28 அன்று நியூ சவுத் வேல்ஸின் லிஸ்மோரில் ஆற்றின் மட்டம் 14.4 மீட்டரைத் தொட்டது. அதற்குமுன் பதிவான உச்சம் 1954இல் 12.27 மீட்டர். பழைய பதிவை இரண்டு மீட்டருக்கு மேல் மிஞ்சிய அந்த வெள்ளத்தில் காலநிலை மாற்றத்தின் பங்கு இத்தனை விழுக்காடு என்று அறுதியிட்டுச் சொல்ல நான் முன்வர மாட்டேன். ஒற்றை வெள்ளத்துக்கு அப்படிக் கணக்கிடுவது வெப்ப அலைக்குக் கணக்கிடுவதைவிடக் கடினம். இதை உங்கள் நண்பரிடம் அப்படியே சொல்லுங்கள். எங்கே உறுதி உண்டு, எங்கே இல்லை என்று பிரித்துச் சொல்பவரை அவர் நம்பக்கூடும்.

---

மக்காய் சுரங்கத்தான் பதில்:

கான்பெரா நோக்கருக்கு: முல்லின்ஸ் கடிதத்தின் கோரிக்கை விமானங்களைப் பற்றியது என்பது இங்கே வந்த செய்திகளில் முன்வரியில் இருக்கவில்லை. கரியை மூடச் சொல்லும் இன்னொரு மனு என்ற அளவில்தான் எங்கள் பக்கம் அது பேசப்பட்டது. அதைப் பற்றி மட்டும் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. சுரங்கம் மூடிய பின் மொரன்பா, டைசார்ட் போன்ற ஊர்கள் எதைக்கொண்டு பிழைக்கும் என்ற கேள்விக்கு இந்த இழையில் யாரும் விடை எழுதவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

வடக்கில் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் தெரியும். புயல் அபாயத்தால் வீட்டுக் காப்பீட்டுத் தவணை ஏறிக்கொண்டே போய், சில தெருக்களில் காப்பீடு எடுக்க ஆளே இல்லை என்ற நிலை வந்தபோது, அரசே 1,000 கோடி டாலர் உத்தரவாதத்துடன் புயல் மறுகாப்பீட்டு நிதியத்தை அமைத்தது. அது 2022 ஜூலையில் செயல்பாட்டுக்கு வந்தது. அதற்கான சட்டத்தை நிறைவேற்றியது மோரிசனின் அரசுதான்.